மடிப்புக்காரி அடுக்கிய மெத்தை

மடிப்புக்காரி அப்போது முழங்காலில் இருந்தாள். அவள் வேலையில் பாதி முழங்காலில்தான் நடக்கும். நீள விரிப்பில் பாராசூட்டைப் பரப்பி, கயிறுகளைச் சிக்கெடுத்து, துணியை ஒழுங்காக மடித்து முடித்திருந்தாள். இப்போது அதன் மேல் ஏறி உட்கார்ந்து உள்ளே இருந்த காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தாள். அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது போன்ற வேலை அது. ஒரு கையால் அமுக்க வேண்டும், மறு கையால் பைக்குள் திணிக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வாயில் இரண்டு ரப்பர் பேண்டு வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக்கூடாது என்பது திடலில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் தம்பிக்கும் தெரியும். ஆனாலும் வந்து பேசினான்.

"அக்கா, அடுத்த மாசம் ஒரு நாள் எனக்கு இது வேண்டாம்."

"எது?"

"பாராசூட்."

அவள் ரப்பர் பேண்டுகளை வாயிலிருந்து எடுத்தாள். "ஏன், வேற யாரு மடிக்கிறா?"

"யாரும் மடிக்கலைக்கா. நான் என்ன சொல்றேன்னா…"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆத்துக்கு அந்தப் பக்கத் திடல்ல புதுசா ஒருத்தி வந்திருக்காளாமே, பத்தே நிமிஷத்துல மடிக்கிறாளாமே. போ, போய் அவகிட்டயே மடிச்சுக்கோ. நல்லா மடிப்பா. பாதி வழியில திறந்தாலும் திறக்கும்."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு…"

"வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்லு."

அன்று மத்தியானம் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. மூன்று மணிக்கு என்னுடைய முதலுதவி அறைக்கு வந்து, கையில் எந்தக் காயமும் இல்லாமலே ஒரு பிளாஸ்திரி கேட்டாள். உட்கார்ந்து ஒரு மூச்சு புலம்பினாள். நான் வெளியே போய்த் தம்பியிடம் விசாரித்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவன் வேறு யாரிடமும் மடிக்கக் கொடுக்கவில்லை. பாராசூட்டைத் திறக்காமலே வானத்திலிருந்து வந்து தரையில் இறங்கப் போகிறானாம்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள், நிம்மதியாக. பிறகு சொன்னது மண்டையில் ஏறியது. பிளாஸ்திரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

இவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, பத்துப் பேர் ஏறும் ஒரு விமானம், ஒரு டீக்கடை. இதுதான் திடல். காசு கொடுத்து விமானத்திலிருந்து குதிக்க ஜனங்கள் இங்கே வருகிறார்கள். திடல்காரரே விமானத்தையும் ஓட்டுவார். வாரக் கடைசியில் முதலுதவி அறையில் நான் இருப்பேன். என்னை எல்லோரும் நர்ஸம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை, முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் பயிற்சி பெற்றவள். வார நாட்களில் அதே பயிற்சியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். திடலில் எனக்குப் பெரிய வேலை கிடையாது. குதித்தவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கும். குதிப்பதைப் பார்க்க வந்த மாமியார்களுக்கு மயக்கம் வரும். சுளுக்கைவிட மயக்கம்தான் அதிகம்.

மடிப்புக்காரி முதலில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடித்தாள். பிறகு திரைச்சீலைக் கடையில் மடித்தாள். பிறகு இங்கே வந்தாள், பதினோரு வருஷமாகிறது. வயது நாற்பத்தாறு. அவளுக்கு ஏணியில் மூன்றாவது படி ஏறினால் தலை சுற்றும். விமானத்துக்குள் ஒரே ஒரு தடவை, அது தரையில் நின்றிருந்தபோது, கூட்டிப் பெருக்க ஏறினாள். அதற்கே சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் பெருக்கினாள்.

அவள் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டீக்கடைக்காரர் பலகாரம் கட்டித் தந்த காகிதத்தை எட்டாக மடித்துத்தான் குப்பையில் போடுவாள். மகளைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலியோடு வலியாகத் தள்ளுவண்டியிலிருந்து இறங்கி, கசங்கிக் கிடந்த விரிப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போனாளாம். இதை அவளே பெருமையாகச் சொன்னாள். அவள் புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறவர். "இவளோட சண்டை போட்டா நம்ம சட்டை துணிமணி எல்லாம் மூணு நாளைக்கு மடிக்காம கிடக்கும், அதை வெச்சுத்தான் கோபம்னு கண்டுபிடிப்பேன்" என்பார்.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். லிஃப்ட் மெக்கானிக். அக்கா வீட்டின் பின் அறையில் இருக்கிறான், அக்கா சமைத்ததைச் சாப்பிடுகிறான், அதில் உப்பு குறை என்கிறான். சனி ஞாயிறுகளில் விங்சூட் என்கிற இறக்கை உடையைப் போட்டுக்கொண்டு பறக்கிறான். கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும், இரண்டு காலுக்கு நடுவிலும் துணி வைத்துத் தைத்த உடை அது. குதித்ததும் அதில் காற்று நிரம்பி இறக்கை மாதிரி விறைத்துக்கொள்ளும். கல் மாதிரி நேராக விழாமல் வெகுதூரம் முன்னால் மிதந்து போகலாம். கடைசியில் எல்லோரையும் போலப் பாராசூட்டைத் திறந்துதான் இறங்க வேண்டும். அந்த உடையில் அவன் நடந்து வருவதைப் பார்த்துத் திடலில் வைத்த பெயர் வௌவால்.

வௌவாலுக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவர், பதினெட்டாயிரம் அட்டைப்பெட்டிகளை ஓடுபாதை மாதிரி அடுக்கிவைத்து, இறக்கை உடையோடு அதன் மேல் வந்து இறங்கி, எழுந்து நடந்து போனாராம். படம் காட்டினான். உண்மைதான்.

"அவரு செஞ்சா நான் செய்யக் கூடாதா?"

"அவருக்கு அக்கா இருந்தாளா?" என்றாள் மடிப்புக்காரி.

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"இருந்திருந்தா செஞ்சிருக்க மாட்டாரு."

இந்த வாக்குவாதம் டீக்கடை பெஞ்சில் மூன்று வாரம் நடந்தது. திடல்காரரும் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் நிலைமை தர்மசங்கடம். இவன் வெற்றிகரமாக இறங்கினால் திடலுக்குக் கூட்டம் பிய்த்துக்கொண்டு வரும். இறங்காவிட்டால் அவர் உள்ளே போவார். அதனால் ஒரு நாள் இவன் பக்கம் பேசுவார், மறுநாள் அவள் பக்கம் பேசுவார்.

"முன்பக்கம் எவ்வளவு வேகம்டா வருவே?" என்று கேட்டார்.

"கடைசியில உடம்பை நிமிர்த்திக் குறைச்சா மணிக்கு ஒரு நூறு."

"கீழ்ப்பக்கம்?"

"நாப்பது இருக்கும்."

"அதாவது ஓடற ரயிலோட மேல் கூரையிலேர்ந்து குதிக்கிற மாதிரி" என்றாள் மடிப்புக்காரி.

"அக்கா, வேகம் யாரையும் கொல்லாது. டக்குனு நிக்கறதுதான் கொல்லும். லிஃப்ட் குழியில அடியில என்ன இருக்கு? பஃபர். லிஃப்ட் தப்பித் தவறி கீழே வந்தா அது அமுங்கும். நிக்கறதுக்குக் கொஞ்சம் தூரம் கொடுத்தா போதும், உள்ள இருக்கிறவன் பிழைச்சுப்பான். பெட்டியும் அப்படித்தான் நசுங்கும். நான் மெதுவா நிப்பேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் பயிற்சியில் சொல்வதும் அதுதான். நோயாளி விழப்போனால் இழுத்துப் பிடிக்காதே, உன் முதுகும் போகும் அவர் எலும்பும் போகும். உன் காலைக் கொடுத்து, அதில் சரியவிட்டு, தரையில் மெதுவாக உட்கார வை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதைச் சொல்லிவிட்டேன்.

"நீங்களுமா நர்ஸம்மா?" என்றாள் மடிப்புக்காரி. அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"முடியுமான்னு கேட்டா முடியும்னுதான் சொன்னேன். செய்னு சொல்லலையே."

"அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மூன்று வாரப் பேச்சில் லிஃப்ட் வந்தது, ரயில் வந்தது. ஆனால் அவளுக்குத் தம்பி செத்துவிடுவான் என்ற ஒரு பயம்தான். பதினோரு வருஷமாக அவன் உயிர் அவள் கை வழியாகத்தான் போய் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் தடவை குதித்திருக்கிறான், ஒரு தடவைகூட அவள் மடிப்பு திறக்காமல் இருந்ததில்லை. இப்போது அந்தக் கைக்கு வேலை இல்லை என்கிறான்.

கடைசியில் திடல்காரர் ஒரு முடிவு சொன்னார். பாராசூட் முதுகில் இல்லாமல் யாரும் விமானத்தில் ஏற முடியாது. திறப்பதும் திறக்காததும் அவன் பாடு. ஆனால் முதலில் ஒரு பொம்மையைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொம்மை முழுசாக வந்தால் அப்புறம் பேசலாம்.

பொம்மை என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பயிற்சி நிலையத்தில் ஒரு பொம்மை உண்டு. ஆள் உயரம், அறுபது கிலோ. கை கால் மடங்கும். குளிப்பாட்டவும் தூக்கவும் திருப்பிப் படுக்கவைக்கவும் மாணவிகள் அதில்தான் பழகுவார்கள். எதற்கும் வாயைத் திறக்காது, எல்லா வேலையும் மற்றவர்கள்தான் செய்ய வேண்டும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அதை வெளியே எடுத்துப்போகும் பதிவேட்டில் "செய்முறை வகுப்பு" என்று எழுதிவிட்டு எடுத்து வந்தேன். அன்று நான் செய்த தப்புகளில் அது சின்னதுதான்.

வௌவால் பெட்டி சேர்க்க ஆரம்பித்தான். பதினெட்டாயிரத்துக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜ் கடை, செருப்புக் கடை, மருந்து மொத்த வியாபாரி, வேலைக்குப் போகிற கட்டடங்கள் என்று அலைந்து மூவாயிரம் தேற்றினான். ஓடுபாதை ஓரத்தில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு, ஆறு மீட்டர் அகலத்துக்கு, மூன்று அடுக்காக, அவனும் இரண்டு சிநேகிதர்களும் ஒரு வியாழக்கிழமை அடுக்கினார்கள். அடுக்கினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. பாதிப் பெட்டிக்கு மூடி திறந்து கிடந்தது. ஒன்று சாய்ந்து நின்றது, ஒன்று குப்புறக் கிடந்தது. நடுநடுவே கை நுழையும் அளவுக்குச் சந்து. யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு அவசரமாக ஓடிப்போன மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டது என்று அவனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். மேகம் தாழ்ந்து கிடந்ததால் திடலில் அன்று குதிப்பு கிடையாது. எனக்கும் வகுப்பு இல்லை, மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். மடிப்புக்காரி அந்தக் குவியலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுமேலயா விழப்போறான்?"

"அப்படித்தான் சொல்றான்."

"நாய்கூடப் படுக்காது." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "விழறதுதான் விழறான், ஒழுங்கான இடத்துல விழட்டும். வாங்க நர்ஸம்மா."

கோபத்தில் இருப்பவளிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவளும், அவளோடு வேலை செய்யும் இரண்டு பேரும், நானும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, நசுங்கினதை நிமிர்த்தி, மூடியை மூடி, டேப் ஒட்டினோம். ஒரு வரிசை நீளவாட்டில் வைத்தால் அடுத்த வரிசை குறுக்குவாட்டில், கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி. சந்து தெரிந்தால் அவள் விடமாட்டாள். சின்னப் பெட்டியைத் தேடி எடுத்துவந்து அந்தச் சந்தில் முழங்காலால் அமுக்கித் திணிப்பாள். ஓரம் ஒரு விரல்கூடப் பிசகாது. கடைசியில் கொட்டகையிலிருந்த பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து மேலே விரித்து, நாலு பக்கமும் கயிறு போட்டு முளையடித்து இழுத்துக் கட்டினோம். மூலைகளை நான்தான் மடித்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிப்பு மடிக்கிற முறையில். ஒரு சுருக்கம் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தள்ளி நின்று பார்த்தோம். நாங்கள் நாலு பேரும் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வேலை செய்ததில்லை.

சனிக்கிழமை காலை வௌவால் வந்து பார்த்து வாய் பிளந்தான்.

"அக்கா! எப்ப செஞ்சே?"

"ஏன், சொல்லிட்டுத்தான் செய்யணுமா?"

"படுத்துத் தூங்கலாம் போல இருக்கே!" மேலே ஏறி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து பார்த்தான். கால் உள்ளே போகவே இல்லை. "சும்மா தரை மாதிரி இருக்கு" என்றான், மெச்சிக்கொண்டே.

திடல்காரரும் பாராட்டினார், டீக்கடைக்காரரும் பாராட்டினார். எல்லோருக்கும் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. நடந்தால் தரை மாதிரி இருப்பது விழுந்தாலும் தரை மாதிரிதானே இருக்கும்?

ஏற்பாடு இதுதான். திடல்காரர் விமானத்தை மெத்தைக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் தாழ ஓட்டிக்கொண்டு போவார். வௌவால் கதவோரம் உட்கார்ந்து சரியான நேரத்தில் மாப்பிள்ளையைத் தள்ளுவான். இறக்கை உடை போட்டவன் இறங்குகிற வேகத்துக்கு அது கிட்டத்தட்டச் சரியாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வௌவாலுடைய பழைய ஹெல்மெட்டை மாட்டினார்கள். மடிப்புக்காரி குனிந்து அதன் தாடைப் பட்டியை இறுக்கிவிட்டாள்.

முதல் தடவை அவசரப்பட்டுத் தள்ளிவிட்டான். மாப்பிள்ளை மெத்தைக்கு வெகு முன்னாலேயே புல்லில் விழுந்து புரண்டு, வலது கை மணிக்கட்டோடு போயிற்று. விமானம் இறங்கியதும் எடுத்து வந்து மறுபடி ஏற்றினோம்.

"கைதானே, பரவாயில்லை" என்றான் வௌவால்.

"உன் கை இல்லையே" என்றேன்.

இரண்டாவது தடவை குறி தப்பவில்லை. மாப்பிள்ளை வயிறு தரையைப் பார்க்க, கால் நீட்டி, அசல் பறக்கிறவன் மாதிரியே வந்து மெத்தையின் முதல் கால்வாசியில் இறங்கினான். சத்தம் ஒரு பெரிய முரசை அடித்த மாதிரி கேட்டது. அமுங்குவான் என்று பார்த்தோம். அவனோ எழும்பினான். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படித் தார்ப்பாய் மேல் ஒரு தத்து, இரண்டு தத்து, மூன்று தத்து. மெத்தை முடிந்தும் அவன் முடியவில்லை. டீக்கடைக்குப் பின்னாலிருந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டியில் போய் மோதி நின்றான். தலை மட்டும் நிற்கவில்லை. ஹெல்மெட்டோடு உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

நான் அதற்குள் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு தொட்டியை நோக்கி நாலடி ஓடிவிட்டிருந்தேன். பழக்கதோஷம். தலையைப் பார்த்த பிறகுதான் நின்றேன்.

விமானம் சுற்றி வந்து இறங்கியது. வௌவால் இறங்கி ஓடி வந்தான். தலையைப் பார்த்தான், உடம்பைப் பார்த்தான். பிறகு மெத்தைக்குப் போய் மாப்பிள்ளை விழுந்த இடத்தில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். மூன்று பெட்டிகள் கொஞ்சம் ஒடுங்கியிருந்தன. அவ்வளவுதான். அவன் உட்கார்ந்துவிட்டான்.

மடிப்புக்காரி அசையாமல் நின்றாள். "நான்தான் கட்டினேன்" என்றாள்.

தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ போட்டது போட்டபடி விட்டிருந்தா?"

வௌவால் யோசித்தான். "நசுங்கியிருக்கும்க்கா. மூடி திறந்திருந்தா காத்து வெளிய போயிருக்கும். சந்து இருந்ததுல ஒண்ணுமேல ஒண்ணு சரிஞ்சிருக்கும்."

அதாவது, சோம்பேறித்தனத்தால் அவன் சரியாகச் செய்திருந்தான். அக்கறையால் நாங்கள் நாலு பேரும் பதினோரு மணி நேரம் உழைத்து அவனுக்கு ஒரு கல்லறை மேடை கட்டியிருந்தோம். மூலைகளை மடித்தவள் நான் என்பதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மடிப்புக்காரி அழுவாள் என்று டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள், அழவில்லை. அந்த இடைவெளியில் வௌவாலுக்கு உயிர் வந்துவிட்டது.

"அப்ப விஷயம் புரிஞ்சுபோச்சு. டேப் ஒட்டக் கூடாது, தார்ப்பாய் கூடாது. லூசா அடுக்கணும். அடுத்த வாரமே…"

திடல்காரர் "டேய்" என்று ஆரம்பித்தார். மடிப்புக்காரி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"எவ்வளவு லூசா?"

"கொஞ்சம் லூசா."

"காட்டு."

அவன் பத்துப் பெட்டிகளை எடுத்து டேப்பைக் கிழித்து, தரையில் ஏனோதானோ என்று வைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மூன்றாவதை வைக்கும்போது அவள் கை தானாகப் போய் முதலாவதை நேராக்கியது.

"அக்கா, கையை எடு."

எடுத்தாள். அவன் அடுத்ததை வைத்தான். அவள் இன்னொரு கை போய் மூடியை மூடியது.

"அக்கா!"

அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இதுதான் லூசா?" என்று கேட்டாள்.

"இதுதான்."

"இன்னும் கொஞ்சம் லூசா இருந்தா?"

"நேரா உள்ள போய்த் தரையில மோதுவேன்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருந்தா?"

அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான்.

"அப்ப நடுவுல எங்கயோ ஒரு இடம் இருக்கு. அது எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"அந்த ஆளு செஞ்சாரே."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும், அவருக்கு அடுக்கினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

அவன் கிழித்த டேப்பை விரலில் சுற்றினான்.

"நான் இந்த வேலை கத்துக்கிட்டப்போ, மொத அம்பது மடிப்பை எவன் முதுகுலயும் மாட்டலை. எனக்குக் கத்துக்கொடுத்தவரு ஒவ்வொண்ணையும் தரையில வெச்சுப் பிரிச்சுப் பார்த்தாரு. நாப்பத்தொம்பது சரியா இருந்துச்சு. ஒண்ணுல கயிறு முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. மறுபடியும் மொதல்லேர்ந்து அம்பதுன்னாரு. நூறாவதுக்கு அப்புறம்தான் ஒரு மனுஷன் முதுகுல போச்சு. நீ என் மடிப்புல ஆயிரம் தடவை குதிச்சியே, ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தியா?"

"எதுக்குப் பாக்கணும்? நீதானே மடிக்கிறே."

"அதான். அது எனக்குத் தெரியும். பெட்டி எனக்குத் தெரியாது. மொத தடவை அடுக்கினேன், தலை போச்சு. அம்பது மாப்பிள்ளையைக் கொண்டா. அம்பதும் முழுசா வந்தா நானே உன்னைப் பிடிச்சுத் தள்ளி விடறேன்."

அவன் என்னைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு" என்றேன். "அதுக்கும் இப்ப தலை இல்லை."

வௌவால் பெட்டிகளைப் பார்த்தான். மூவாயிரம் பெட்டி, ஐம்பது தடவை, ஒவ்வொரு தடவையும் நசுங்கினதுக்குப் புதுசு. வாய்க்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டான். பிறகு தரையில் அவன் அடுக்கிய பத்துப் பெட்டிகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். அது அமுங்கி, அவன் அதற்குள் இறங்கிப்போய், முழங்கால் முகத்துக்கு நேரே வந்து சிக்கிக்கொண்டான். இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அக்கா, பசிக்குது" என்றான்.

"வீட்டுல இருக்கு."

"வா, போகலாம்."

இதுதான் அவன் கைவிட்டதாகச் சொன்ன முறை. இதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திடல்காரர் மட்டும் "அப்ப வேண்டாம்தானே?" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வேறு யாராவது என்னைக் கேட்டால் இப்போதும் முடியும் என்றுதான் சொல்வேன். பாராசூட் இல்லாமல் இறங்கலாம். ஆனால் இறங்குகிறவனுடைய தைரியத்தைவிட, கீழே அடுக்குகிறவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். தைரியம் எங்கள் திடலில் ஏராளமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் மாப்பிள்ளையின் தலையையும் கையையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு, பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய சேதப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். காரணம் என்ற இடத்தில் "மெத்தையிலிருந்து விழுந்தது" என்று எழுதினேன். பொய்யில்லை.

வௌவால் முதல் விமானத்துக்கே வந்துவிட்டான். கொட்டகைக்குள் போய் அக்கா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் மடித்து முடிக்கும்வரை கால் மணி நேரம் நகரவில்லை. "அது எதுக்கு?", "இதை ஏன் இப்படித் திருப்பறே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதுக்கு, "வாயை மூடிட்டு நிக்கறதுன்னா நில்லு, இல்லைன்னா வெளிய போ" என்றாள். பிறகு பையை அவன் முதுகில் மாட்டி, பட்டிகளை இழுத்துப் பார்த்து அனுப்பினாள்.

வழக்கமாக அவன் திறக்கும் உயரத்துக்கு முந்நூறு மீட்டர் மேலேயே பாராசூட்டைத் திறந்துவிட்டான். அவ்வளவு மேலே திறந்ததால் ஆடி அசைந்து இறங்க வெகுநேரமாயிற்று. இறங்கியதும் உடையைக் கழற்றிவிட்டு, டீக்கடைக்காரரிடம் கத்தி வாங்கிக்கொண்டு, தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, பெட்டிகளைப் பிரித்துப் பழைய பேப்பர் கடையில் போடுவதற்காக மெத்தையின் மேல் ஏறி உட்கார்ந்தான். மூவாயிரம் பெட்டி, ஒவ்வொன்றிலும் அவள் ஒட்டிய டேப், மேலே ஒன்று கீழே ஒன்று குறுக்கே ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கிளம்பும்போது அவன் இருநூறாவதை அறுத்துக்கொண்டிருந்தான்.